நீந்தத் தெரியும் என்று கையெழுத்திட்டவன்

ஐம்பத்துமூன்று வயதில், வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்த ஒரு படிவத்தில், எனக்கு நீந்தத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டேன். எனக்கு நீந்தத் தெரியாது. நான் கிணற்றடியில் வளர்ந்தவன். வாளிக்குள் இருக்கும் தண்ணீரோடு மட்டும்தான் எனக்கு நல்லுறவு. இதில் இன்னொரு வெட்கக்கேடும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நான் ஆயுள் காப்புறுதி முகவர். படிவத்தில் பொய் எழுதக் கூடாது என்று கிழமைக்கு ஐந்து நாள் மற்றவர்களுக்குப் புத்தி சொல்வதுதான் என் பிழைப்பு.

ஜெர்மனிக்குப் போனது ஒரு கலியாணத்துக்கு. என் மனைவி வசந்தியின் தங்கை மாலா டுசல்டோர்ஃபில் இருக்கிறாள். அவளுடைய மகளுக்குத்தான் கலியாணம். மாலாவின் கணவன் சிறீ எனக்குச் சகலன். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு ஆண்கள், மாமி யாருக்குப் பெரிய மீன்துண்டு போடுகிறா என்று பக்கத்துத் தட்டை எட்டிப் பார்க்கத் தொடங்கி, மாமி போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பார்வையை விடுவதில்லை. நாங்களும் அப்படித்தான்.

கலியாணம் முடிந்த மறுநாள், மிஞ்சிய வடையைச் சாப்பிட்டுக்கொண்டு சிறீ சொன்னான்:

"அண்ணை, படகு வீடு ஒண்டு மூண்டு நாளைக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். வாய்க்காலிலை போவம். உங்களுக்குத் தண்ணி பயமில்லைத்தானே?"

"எனக்கோ?" என்றேன். "கீரிமலைக் கேணியிலை மேல் சுவரிலை இருந்து குதிச்ச ஆள் நான்."

கீரிமலைக் கேணியில் நான் மூன்றாவது படியைத் தாண்டி இறங்கியதே கிடையாது. அதுவும் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு. வசந்தி என்னை ஒருமுறை பார்த்தாள். கலியாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் சேர்த்து வைத்திருக்கும் பார்வைகளில் அது ஒன்று.

எங்களிடத்தில் வாய்க்கால் என்றால் மிளகாய்க்கன்றுக்குத் தண்ணீர் பாய்வது. தாண்டிப் போகலாம். பெர்லினுக்கு வடக்கே இவர்கள் வாய்க்கால் என்று காட்டியதில் எங்கள் ஊர் பஸ் நான்கு பக்கம் பக்கமாகப் போகும். தண்ணீர் கறுப்பு. அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அடி இருக்கிறதா என்றே தெரியாது.

படகு பன்னிரண்டு மீற்றர் நீளம். உள்ளே இரண்டு அறை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, நின்றபடி குளிக்க ஓர் அலுமாரி. இந்த நாட்டில் தூண்டில் போட்டு மீன் பிடிக்கப் பரீட்சை எழுத வேண்டும் என்று சிறீ சொல்லியிருந்தான். ஆனால் இவ்வளவு பெரிய இரும்பு வீட்டைத் தண்ணீரில் ஓட்டிக்கொண்டு போக, மூன்று மணி நேர விளக்கமும் ஒரு துண்டுக் காகிதமும் போதுமாம். அந்தக் காகிதம் சிறீயின் பெயரில் எழுதப்பட்டது. அவன் தொழிற்சாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவன். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டான். வண்டியில் பிரேக் இருக்கிறது என்று, படகை வாடகைக்குக் கொடுத்த படகுக்காரர் சொன்னார்.

பிறகு அவர் ஒவ்வொருவராகக் கேட்டார், நீச்சல் தெரியுமா என்று. வசந்தி தலையை ஆட்டி இல்லை என்றாள். மாலாவும் இல்லை என்றாள். சிறீ நெஞ்சை நிமிர்த்தி "யா" என்றான். அடுத்தது நான். சகலன் "யா" என்று சொல்லி இரண்டு வினாடி ஆகவில்லை, நான் எப்படி இல்லை என்பது?

"யா" என்றேன். அவர் நீட்டிய படிவத்தில் கையெழுத்தும் போட்டேன்.

நீந்தத் தெரியாதவர்கள் படகின் மேல்தட்டுக்கு வரும்போதெல்லாம் உயிர்காப்பு அங்கி போட வேண்டும், தெரிந்தவர்களுக்கு விருப்பம்போல என்று சிறீ மொழிபெயர்த்தான். பெண்கள் இரண்டு பேரும் அங்கியை மாட்டிக்கொண்டார்கள். மற்ற இரண்டும் கொழுக்கியில் தொங்கின.

"அண்ணை போடேல்லையோ?" என்றான் சிறீ.

"உது எனக்கு எதுக்கு? நீர் போடுமன்."

"உங்களுக்கே வேண்டாம் எண்டால் எனக்கு எதுக்கு?"

இரண்டு அங்கிகளும் கொழுக்கியிலேயே இருந்தன. செம்மஞ்சள் நிறம். அன்றைக்கு நான் அவற்றைப் பார்த்த அளவுக்குக் கலியாணப் பெண்ணைக்கூடப் பார்க்கவில்லை.

புது வாகனம் புறப்படும்போது சில்லுக்கடியில் தேசிக்காய் வைப்பது எங்கள் வழக்கம். படகுக்குச் சில்லு இல்லை. சிறீ யோசித்துவிட்டு, படகுக்கும் இறங்குதுறைப் பலகைக்கும் நடுவில் தேசிக்காயைப் பிடித்தான். படகு ஆடி வந்து நசித்தது. சாறு படகுக்காரரின் மூக்குக்கண்ணாடியில் அடித்தது. அவர் துடைத்துக்கொண்டார். என்ன இது என்று கேட்கவில்லை. எங்களைப் பற்றி ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார் போல.

முதல் மணித்தியாலம் நாங்கள் வாய்க்காலின் இரண்டு கரைக்கும் சமமாக மரியாதை செய்தோம். சுக்கானைத் திருப்பினால் படகு உடனே திரும்பாது. எங்கள் பிரதேச செயலகம் மாதிரி, கேட்டதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துதான் செய்யும். பொறுமையில்லாமல் இன்னும் திருப்பினால், இரண்டையும் சேர்த்துச் செய்யும். சிறீ வலப்பக்கம் திருப்பி, இடப்பக்கம் திருப்பி, முன்னால் வந்த மரக்கிளை ஒன்றைத் திறந்திருந்த யன்னல் வழியே வீட்டுக்குள் அழைத்து வந்தான். கரையில் குழந்தைவண்டி தள்ளிக்கொண்டு ஓடிய பெண் எங்களை முந்திப் போனாள்.

எனக்குக் கொடுத்த வேலை கயிறு. நிறுத்தும்போது முன்பக்கம் நின்று கயிற்றைக் கரையில் போட வேண்டும். நீந்தத் தெரிந்த ஆள் அல்லவா. முன்பக்கம் போக, படகின் ஓரத்தில் ஒரு சாண் அகலத்தில் நடைவழி. கூரையில் ஒரு கம்பி. அந்தக் கம்பியை நான் பிடித்த பிடியில் என் கலியாண மோதிரம் அதில் தழும்பு போட்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் ஒன்றையே சொல்லிக்கொண்டேன்: இப்போது விழுந்தால் என்ன செய்வது? பதிலும் ஒன்றுதான். சாவது.

மத்தியானம் ஒரு மரத்துறையில் கட்டினோம். கரையில் ஒருவர் தகரப் பெட்டியில் மீனுக்குப் புகை போட்டு விற்றுக்கொண்டிருந்தார். நான்கு மீன் வாங்கி வந்து, மாலா வெங்காயமும் பச்சைமிளகாயும் தேசிப்புளியும் போட்டுச் சம்பல் பிசைந்தாள். பாணோடு சாப்பிட்டோம். அந்த ஒரு மணித்தியாலம் நான் பயப்படவில்லை. படகு கட்டியிருந்தது, வயிறு நிறைந்திருந்தது.

புறப்பட்டு மூன்று மணித்தியாலம் கழித்து, இரவு தங்கும் இடத்தில் கட்டிவிட்டு, நான் சப்பாத்தைத் தேடினேன்.

"மாலா, சப்பாத்து எங்கை?"

"வாசலிலைதானே அத்தான் கழட்டினனீங்கள்."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வீட்டுக்குள் போகுமுன் கழற்றுகிறவர்கள் நாங்கள். புகைமீனோடு திரும்பி வந்தபோது, மரத்துறையில் நான்கு சோடிச் சப்பாத்தையும் வரிசையாக, முன்பக்கம் வெளியே பார்க்க வைத்துவிட்டு, உள்ளே ஏறி, வாசலை அங்கேயே விட்டு வீட்டை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டோம்.

"திரும்பிப் போக ஏலாது," என்றான் சிறீ. "பொழுதுபட்டால் ஓடக் கூடாது. ஆரும் எடுக்க மாட்டினம், ஜெர்மன்காரர்."

"எடுக்க மாட்டினம். பொலிசைக் கூப்பிடுவினம். நாலு பேர் வாய்க்காலிலை குதிச்சிட்டினம் எண்டு," என்றாள் வசந்தி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வரிசையில் என்னுடைய சப்பாத்தும் நிற்பதை நினைத்தபோது சிரிப்பு பாதியில் நின்றது. படுக்கையில் தலைமாட்டுக்கு நேரே, தகட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தட்டிக்கொண்டிருந்தது. கணக்குப் பார்த்தேன். தண்ணீரின் மட்டம் என் மூக்குக்கு மேலே. அதற்குப் பிறகு நித்திரை வரவில்லை.

இரண்டாம் நாள் காலை, வெறுங்காலோடு வெதுப்பகத்துக்குப் போனேன். பாண் விற்ற அம்மா என் காலைப் பார்த்தார். வெறுங்காலில் நடப்பது முதுகுக்கு நல்லது, தன் மருத்துவரும் அப்படித்தான் சொன்னார் என்று கூட வந்த சிறீயிடம் சொன்னாராம். பாராட்டுத்தான். ஆனால் தார் வீதி குளிர்ந்த தோசைக்கல் மாதிரி இருந்தது.

பத்து மணிபோல மதகுக்கு வந்து சேர்ந்தோம். ஷ்லொய்சே என்கிறார்கள். தண்ணீரின் மட்டம் மாறும் இடத்தில் படகு ஏறி இறங்க ஒரு கொங்கிறீற் தொட்டி. உள்ளே போனால் கதவு மூடும், தண்ணீர் வடியும், படகு கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கும், அடுத்த பக்கக் கதவு திறக்கும். ஆள் கிடையாது. சுவரில் தொங்கும் தடியை நாங்களே திருப்ப வேண்டும். பக்கத்தில் சிவப்புத் தடி ஒன்று. ஆபத்தென்றால் அதை இழுத்தால் எல்லாம் நிற்கும்.

கயிற்றைக் கரையிலுள்ள இரும்புக் கட்டையைச் சுற்றி எடுத்து, நுனியைக் கையில் வைத்திருந்து, படகு இறங்க இறங்க விட்டுக்கொடுக்க வேண்டும். ஒருபோதும் படகில் கட்டக் கூடாது. இதைப் படகுக்காரர் மூன்று முறை சொன்னார். சிறீ மூன்று முறை மொழிபெயர்த்தான். எனக்கு விளங்காமல் இல்லை.

ஆனால் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தால், கம்பியைப் பிடிக்க எனக்கு மூன்றாவது கை இல்லை. காலடியில் ஈர இரும்பு. சப்பாத்து இல்லை. பக்கத்தில் கறுப்புத் தண்ணீர். சிறீ சுக்கானடியில் இருந்தான், பெண்கள் உள்ளே இருந்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. ஆட்டைக் கட்டுகிற மாதிரி கயிற்றைப் படகு முனையிலிருந்த இரும்புக் கொம்பில் நாலு சுற்றுச் சுற்றி, இறுக்கி, மேலே இரண்டு முடிச்சும் போட்டேன். பிறகு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முன்பக்கத்தில் நின்ற நேரங்களில் முதல் தடவையாகப் பயம் கொஞ்சம் விட்டது.

எங்களுக்குப் பின்னால் ஒரு சிறு படகில் வயதான ஒரு பெண்ணும் ஒரு நரை நாயும். அவர் என் கயிற்றைக் காட்டி ஏதோ கத்தினார். நான் சிரித்துத் தலையாட்டினேன்.

தண்ணீர் வடியத் தொடங்கியது. சுவர் மேலே ஏறியது. பாசி மணம். முதலில் கயிறு விறைத்தது. பிறகு முனகியது. பிறகு எங்கள் படகின் பின்பக்கம் இறங்க, முன்பக்கம் இறங்க மறுத்துத் தொங்கியது. தரை சரிந்தது. உள்ளே அடுப்பிலிருந்த பருப்புச் சட்டி வழுக்கிப் போய் விழும் சத்தம் கேட்டது. மாலா "முருகா!" என்று கத்தினாள்.

"அண்ணை! கயித்தை விடுங்கோ!"

"விட ஏலாது! கட்டிப்போட்டன்!"

"என்னது?"

முடிச்சை இழுத்துப் பார்த்தேன். அது கல்லாகியிருந்தது. சிறீ சுக்கானை விட்டுவிட்டு, அந்த ஒரு சாண் வழியால் ஓடி வந்தான். வெறுங்கால். சரிந்த தரை. எனக்கு நான்கு அடி தூரத்தில் அவன் கால் வழுக்கியது. அவன் கை கம்பியைத் தேடியதையும் கம்பி கிடைக்காததையும் நான் பார்த்தேன். பிறகு அவன் அங்கே இல்லை.

தண்ணீரிலிருந்து தலை வந்தது. போனது. மறுபடி வந்தது.

"அண்ணை! குதியுங்கோ! எனக்கு நீந்தத் தெரியாது!"

அந்தத் தொட்டிக்குள் குரல் எதிரொலித்தது. நான் கம்பியைப் பிடித்தபடி, ஐம்பத்துமூன்று வருடத்தில் முதல் தடவையாக உரத்த குரலில் உண்மையைச் சொன்னேன்:

"எனக்கும் தெரியாது!"

அந்த நொடியில் அவன் முகத்தை நான் பார்த்தேன். பயத்துக்கு நடுவிலும் அதில் ஓர் ஆச்சரியம் இருந்தது. பிறகு தண்ணீர் அதை மூடியது.

என்னால் குதிக்க முடியவில்லை. இதைப் பகிடியாக எழுத எவ்வளவோ முயன்றேன், வரவில்லை. மேலே இரண்டு தொன் இரும்பு என் முடிச்சில் தொங்குகிறது. அறுந்தால் அது விழுவது அவனுக்குப் பக்கத்தில், இல்லாவிட்டால் அவன்மேல். கலியாணப் பெண்ணின் தகப்பனை, கலியாணம் முடிந்து ஐந்தாம் நாள், ஒரு முடிச்சால் கொன்றவன் என்று என் பெயர் இருக்கப் போகிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

பின்னாலிருந்த அந்த அம்மா தன் படகிலிருந்து எட்டிச் சிவப்புத் தடியை இழுத்தார். தண்ணீர் நின்றது. மாலா மீன் வெட்டும் கத்தியோடு ஓடி வந்து கயிற்றில் வைக்கப் போனாள். "நைன்! நைன்!" என்று அந்த அம்மா போட்ட சத்தத்தில் நாயும் சேர்ந்து குரைத்தது. முதலில் ஆளை எடு, பிறகு கயிறு என்று கையால் காட்டினார்.

வசந்தி வந்தாள். ஓடவில்லை. சரிந்த தரையில் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து பின்பக்கம் போனாள். அங்கே தொங்கிய மிதவை வளையத்தைக் கழற்றி, சிறீயின் தலைக்கு அந்தப் பக்கம் விழுமாறு எறிந்தாள். கயிற்றை இழுத்தாள். வளையம் அவன் மார்பில் வந்து முட்டியது. பிடித்துக்கொண்டான்.

"விடாதை சிறீ. வாயை மூடு. காலை உதை."

அதற்குப் பிறகுதான் என் கை கம்பியை விட்டது. நானும் அப்படியே நகர்ந்து போய் அவளுக்குப் பின்னால் இருந்து இழுத்தேன். பின்பக்க ஏணியால் அவனை ஏற்றினோம். ஏறியதும் குப்புறப் படுத்துத் தண்ணீரைக் கக்கினான். மாலா அவன் முதுகில் அடித்தாள். முதலில் தண்ணீர் வரட்டும் என்று அடித்தாள். வந்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா தொலைபேசியில் அழைத்து, முக்கால் மணித்தியாலம் கழித்து மதகுப் பொறுப்பாளர் வந்தார். தொட்டிக்குள் மறுபடி தண்ணீரை விட்டார். படகு மெல்ல எழுந்தது. கயிறு தளர்ந்தது. என் முடிச்சை அவிழ்க்க அவருக்கு ஒரு குறடு தேவைப்பட்டது. அவிழ்த்துவிட்டு, இதைக் கட்டியது யார் என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த சிறீ "இஷ்" என்றான். நான் என்று அர்த்தம். அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

பின்னேரம் இருவரும் மேல்தட்டில் இருந்தோம். இரண்டு பேரும் அங்கி போட்டிருந்தோம். அவன் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தான்.

"ஏன் நீர் எண்டு சொன்னனீர்?"

"காயிதம் என்ரை பேரிலைதானே அண்ணை."

நான் என் அங்கியின் வாரை இன்னொரு முறை இறுக்கினேன்.

"நீந்தத் தெரியாமல் ஏன் யா எண்டனீர்?"

"பழக்கம்," என்றான். "அகதியா இஞ்சை வரேக்குள்ளை போலந்துப் பக்கத்தாலை ஆறு கடந்தனாங்கள். எங்களைக் களவாய்க் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் கேட்டவன், ஆருக்கு நீந்தத் தெரியாது எண்டு. பதினொரு பேர். ஒருத்தரும் கை தூக்கேல்லை. தூக்கினால் விட்டிட்டுப் போயிடுவான்."

"பிறகு?"

"காத்தடிச்ச லொறி ரியூப் ஒண்டு. பிடிச்சுக்கொண்டு போனதுதான். கண்ணை மூடினனான். மற்றப் பக்கத்திலைதான் திறந்தனான்."

"இவ்வளவு காலத்திலை பழகியிருக்கலாமே?"

"எங்கை அண்ணை? முதல் அன்ட்றாக், அகதி விண்ணப்பம், அதுக்குப் பதில் வரப் பத்து வருசம். பிறகு வேலை. பிள்ளையை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனனான். வெளியிலை கதிரையிலை இருந்து பாத்தனான்." தேத்தண்ணியைக் குடித்தான். "சரி, நீங்கள் ஏன் சொன்னனீங்கள்?"

"நீர் சொன்னதாலை," என்றேன்.

அவனுடையது உயிருக்காகப் பழகிய பொய். நான் அவனுக்கு முன்னால் பெரிய மீன்துண்டுக்காகச் சொன்னது. அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

மூன்றாம் நாள் அதே வழியால் திரும்பினோம். மதகில் வசந்திதான் கயிறு பிடித்தாள். எனக்கு உள்ளே இருக்கச் சொல்லி உத்தரவு. மரத்துறையில் எங்கள் சப்பாத்துகள் அப்படியே இருந்தன. மழைக்கு நனையாமல் யாரோ ஒரு பொலித்தீன் பையால் மூடி, பறக்காமல் கல் வைத்திருந்தார்கள். போட்டுக்கொண்டேன். அங்கியைக் கழற்றவில்லை. அங்கியோடு சாப்பிட்டேன், அங்கியோடு கழிவறைக்குப் போனேன். படகுக்காரர் கடைசியில் கையை நீட்டிக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

டுசல்டோர்ஃபுக்கு வந்த பிறகும் வசந்தி என் பொய்யைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அது மதகைவிடப் பயமாக இருந்தது. நாடு திரும்பும் நாள், விமான நிலையத்தில் பெட்டிகளோடு காத்திருந்தபோது நானே கேட்டேன்.

"இஞ்சாரும், அண்டைக்குச் சிறீக்குப் பதிலா நான் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பீர்?"

கைப்பையில் கடவுச்சீட்டைத் தேடிக்கொண்டே சொன்னாள்:

"அதே வளையத்தைத்தான் எறிஞ்சிருப்பன். சிறீ பாத்துக்கொண்டு நிண்டால், நீங்கள் அதைப் பிடிச்சிருக்க மாட்டியள்."